குமட்டல் எங்கே பிறக்கிறது?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு நிறைவு விழாவில் பேச வருகிறவர் காதலைப் பற்றியோ கருணையைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நானோ விருந்து முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத இவ்வேளையில் குமட்டலைப் பற்றிப் பேச வந்து நிற்கிறேன். தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். பிறகு, உரையை உணவுக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்று மட்டும் கேட்டார்கள். பின்னால் வைத்தது அவர்களுடைய துணிவு.

இப்பொருளை நான் வேண்டுமென்றே தேர்ந்துகொண்டேன். நம் மாதக் கூட்டங்களில் படிக்கப்படும் கவிதைகளைத் தொடர்ந்து கேட்டு வருகிறவன் என்னும் முறையில் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 'குமட்டுகிறது' என்னும் சொல் நம் புதுக்கவிதையில் மிகவும் மலிந்துவிட்டது. கையூட்டைக் கண்டால் குமட்டுகிறது. சாதிச் செருக்கைக் கண்டால் குமட்டுகிறது. மேடைப் பேச்சைக் கேட்டால் குமட்டுகிறது. சினத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் குமட்டலைச் சொல்லிவிடுகிறோம். சினம் கொண்டவனுக்கு முகம் சிவக்கிறது. குமட்டல் கொண்டவனுக்கு முகம் வெளுக்கிறது. சினம் எதிரியை நோக்கி நம்மை நடத்திச் செல்கிறது. குமட்டல் வந்தவனுக்கு எதிரியும் இல்லை, உலகமும் இல்லை; தன் வயிற்றைத் தவிர அவனுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் கிடையாது. குமட்டல், உமட்டல், உவட்டல், ஓங்கரிப்பு, ஓக்காளம், வயிற்றைப் புரட்டுதல், வாயாலெடுத்தல், கக்கல், வாந்தி, ஈழத்தில் சத்தி. இவற்றை ஒரே பொருட்சொற்கள் என்று அகராதிகள் அடுக்கினாலும் பேச்சு வழக்கு அப்படி மயங்குவதில்லை. குமட்டல் என்பது உணர்வு, உள்ளே நிகழ்வது, பிறர் காண இயலாதது. ஓங்கரிப்பு என்பது வயிறும் நெஞ்சும் முயன்று ஒன்றும் வெளிவராத செயல். வாந்தி என்பது வெளிவந்துவிட்ட நிலை. உணர்வு, முயற்சி, வெளியேற்றம் என்னும் இம்மூன்றையும் பிரித்துப் பார்க்க மேலை மருத்துவத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. நம் பாட்டிமார் மூன்றுக்கும் மூன்று சொற்களைத் தனித்தனியே வைத்திருந்தார்கள்.

இலக்கணத்தில் இதற்கு இடமுண்டா என்று நீங்கள் கேட்கலாம். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல் ஒன்று. அதற்கு அவர் நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறார்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அழுகல் இல்லை, நஞ்சு இல்லை, நாற்றம் இல்லை. வடமொழி நாட்டிய நூலார் கூறும் பீபத்சம் அருவருப்பை நேராகத் தொடுகிறது. தமிழ் இளிவரலோ தாழ்வு நேர்ந்தபோது மனம் கூசுவதையே முதன்மையாகக் கொள்கிறது. இரண்டையும் ஒன்றென்று பாடம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியர் பேசுவது மனத்தின் கூச்சம். குமட்டல் அதற்கும் கீழே, மனம் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே உடலில் அமைந்துவிட்ட ஒரு காவல்.

அக்காவல் எங்கே இருக்கிறது? 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போரிசன், வாங் என்னும் இரு உடலியல் அறிஞர்கள் நாய்களையும் பூனைகளையும் கொண்டு இதைத் தேடினார்கள். அபோமார்பின் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்தினால் நாய் உடனே வாந்தி எடுக்கும். மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்தின் மேற்பரப்பில், நான்காம் மூளையறையின் தரையில், ஒரு சிறு பகுதியை அவர்கள் நீக்கினார்கள். அதன்பின் அபோமார்பின் செலுத்தியும் நாய் வாந்தி எடுக்கவில்லை. அப்படியானால் வாந்தி எடுக்கும் திறனே போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. அதே நாய்க்கு மயில்துத்தத்தை வாய்வழியே கொடுத்தபோது வாந்தி எடுத்தது! வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகளையும் அறுத்தபோதுதான் மயில்துத்தம் தன் வலிமையை இழந்தது. ஆக, வாயில்கள் இரண்டு: ஒன்று குருதியில் கலந்து வரும் நஞ்சுக்கு, மற்றொன்று வயிற்றில் கிடக்கும் நஞ்சுக்கு. ஆணை பிறக்கும் இடமோ இரண்டுக்கும் பொது.

முதல் வாயிலுக்கு ஏரியா போஸ்ட்ரீமா என்று பெயர். 1896-இல் சுவீடன் நாட்டு உடற்கூற்றியலார் ரெட்சியஸ் இட்ட பெயர் அது. 'பின்னாலுள்ள பகுதி' என்பதற்கு மேல் அதில் பொருள் ஒன்றும் இல்லை. பெயர் எளியது, அமைப்பு வியப்புக்குரியது. மூளையின் பெரும்பாலான பகுதிகளில் குருதிக்குழாய்களின் சுவர் மிக நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கும். குருதியில் உள்ளதெல்லாம் மூளைக்குள் புகுந்துவிட முடியாது. இந்தச் சிறு பகுதி உள்ளிட்ட ஒருசில இடங்களில் மட்டும் அந்தத் தடுப்பு தளர்ந்திருக்கிறது. கோட்டை முழுவதற்கும் மதில் எழுப்பிய ஒருவன் ஒருசில இடங்களில் மட்டும் வேண்டுமென்றே சாளரம் வைத்தது போன்ற ஏற்பாடு. குருதியில் ஓடிவருவது எதுவோ, அதை மூளை இங்கே சுவைத்துப் பார்க்கிறது. வாயிலுள்ள நாக்கு ஏமாந்த பிறகு பயன்படுவதற்காக மூளைக்குள் வைத்த இரண்டாவது நாக்கு என்று இதை நான் சொல்வேன்.

உடல்வீக்கத்துக்கு டிஜிட்டாலிஸ் செடியைக் கையாண்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், 1785-இல் தம் நூலை வெளியிட்டபோது, குமட்டல் தோன்றினால் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று எச்சரித்தார். முகுளத்தின் சாளரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் நோயாளியின் குமட்டலையே அளவுகோலாகக் கொண்டு மருந்து எங்கே நஞ்சாகிறது என்று அவர் கண்டுகொண்டார். அதே குடும்பத்து நஞ்சை இன்னும் சற்று நேரத்தில் நம் வேலியோரத்து எருக்கில் காணப்போகிறோம்.

இரண்டாவது வாயில் குடலில் இருக்கிறது. குடலின் உட்சுவரில் மற்ற செல்களுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் உண்டு. உடலிலுள்ள செரோடோனின் என்னும் பொருளில் பத்தில் ஒன்பது பங்கு இவற்றில்தான் இருக்கிறது. மனச்சோர்வைப் பற்றிய கட்டுரைகளில் செரோடோனினைப் படித்திருப்பீர்கள். அதன் தாய்வீடு மூளை அன்று, குடல். இத்தாலிய அறிஞர் எர்ஸ்பாமர் 1930-களில் குடலிலிருந்து பிரித்தெடுத்த பொருளும், 1948-இல் அமெரிக்கர்கள் குருதியிலிருந்து பிரித்தெடுத்த பொருளும் ஒன்றே என்பது 1952-இல்தான் தெளிவாயிற்று. நஞ்சு வந்து தீண்டும்போது இச்செல்கள் செரோடோனினைக் கொட்டுகின்றன. பக்கத்திலேயே வேகஸ் நரம்பின் நுனிகள் காத்திருக்கின்றன. செய்தி முகுளத்துக்குப் போய்ச் சேர்கிறது.

ஒரு நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருமண வீடுகளில் இன்றும் பந்தி முழுவதையும் படுக்கவைக்கும் நஞ்சு அது. ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் சமைப்பவர் கைப்புண்ணிலோ மூக்கிலோ இருக்கும். சமைத்த பண்டத்தில் விழுந்து, வெதுவெதுப்பில் சில மணி நேரம் கிடந்தால் பெருகி நஞ்சைச் சுரக்கும். மீண்டும் கொதிக்கவைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும், நஞ்சு சாகாது. சுவையிலும் மணத்திலும் வேறுபாடு இராது. உண்ட சில மணி நேரத்துக்குள் ஊரே ஓங்கரிக்கும். பிலிப்பைன்ஸில் பார்பர் என்பவர் ஒரு பசுவின் மடியிலிருந்து வந்த பாலே இதற்குக் காரணம் என்று ஐயுற்று, அதைத் தாமே குடித்துப் பார்த்து 1914-இல் எழுதினார். 1930-இல் சிகாகோவில் டாக் என்பவர் கெட்டுப்போன கேக்கிலிருந்து இந்நுண்ணுயிரைப் பிரித்துக் காட்டியபோதுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. அறிவியலின் வரலாற்றில் வாந்தி எடுத்தவர்களுக்குத் தனியே ஒரு பட்டியல் போடலாம்.

இந்த நஞ்சு குடலிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் வழியை ஆராய ஒரு தடை இருந்தது. மூளை ஆராய்ச்சிக்கு ஏற்ற விலங்கு சுண்டெலி. அதற்குத்தான் நுண்கருவிகள் எல்லாம் ஆயத்தமாக உள்ளன. சுண்டெலியோ வாந்தி எடுக்காது. எலியும் எடுக்காது. கொறித்துண்ணும் இனம் முழுவதுமே அப்படித்தான். எலிப் பாசாணம் எலியிடம் தோற்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நம் வீட்டு மூலைகளில் கீச்சிட்டுத் திரியும் மூஞ்சூறு வாந்தி எடுக்கும்! உருவில் எலி போலிருந்தாலும் அது எலி இனம் அன்று. 1987-இல் ஜப்பானியர் இதைக் கண்டறிந்து எழுதியது முதல், பிள்ளையாரின் வாகனம் உலக ஆய்வுக்கூடங்களில் வாந்தி ஆராய்ச்சிக்கு உரிய விலங்காகிவிட்டது. அவருக்கு உகந்த எருக்கும் இவ்வுரையில் வருகிறது என்பதை முன்னமே சொல்லிவிட்டேன்.

2022-இல் பெய்ஜிங்கில் பெங் காவோ என்பவரின் குழுவினர் சுண்டெலியைக் கொண்டே இத்தடையைக் கடந்தார்கள். ஸ்டாபிலோகாக்கஸ் நஞ்சைக் கொடுத்தபோது சுண்டெலி வாந்தி எடுக்கவில்லை. ஆனால் வழக்கத்துக்கு மாறாக வாயை அகலத் திறந்தது. அவ்வேளையில் அதன் உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒருங்கே சுருங்கின. ஓங்கரிப்பு இருந்தது, வெளியேற்றம்தான் இல்லை. அங்கிருந்து நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நஞ்சைக் கண்ட குடலின் காவற்செல்கள் ஒரு வேதிக்குறிப்பை விடுக்கின்றன. அது செரோடோனின் செல்களைத் தூண்டுகிறது. வேகஸ் நரம்பு செய்தியைச் சுமக்கிறது. முகுளத்தில் ஒரு குறிப்பிட்ட வகை நரம்புச் செல்கள் விழித்தெழுகின்றன. அச்செல்களிலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூச்சுத் தசைகளை ஆளும் இடத்துக்குச் செல்கிறது, அதனால் ஓங்கரிப்பு. மற்றொரு கிளை சற்று மேலே சென்று, 'இச்சுவையை இனித் தீண்டாதே' என்னும் நினைவை எழுதுகிறது. துப்புவதும் நினைவில் வைப்பதும் ஒரே ஊற்றிலிருந்து பிரியும் இரு கால்வாய்கள். புற்றுநோய் மருந்தொன்றைக் கொடுத்தபோதும் இதே வழிதான் திறந்தது.

வாந்தி என்னும் செயலின் ஒழுங்கு ஒரு நாட்டியத்துக்கு நிகரானது; விருந்தை முன்னிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் வாயில் நீர் ஊறுகிறது. வரப்போகும் அமிலத்திலிருந்து பல்லைக் காக்க. இரைப்பை தளர்ந்து இடம் கொடுக்கிறது. சிறுகுடலில் வழக்கத்துக்கு எதிரான திசையில் ஒரு பேரலை எழுந்து, உள்ளதையெல்லாம் இரைப்பைக்கு மீட்டுத் தருகிறது. ஒரு நெடுமூச்சு, பின் குரல்வளை மூடிக்கொள்கிறது. உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒரே நொடியில் அழுத்துகின்றன. இரைப்பை தானாக எதையும் தள்ளுவதில்லை என்பது பலர் அறியாதது. தள்ளுபவை மூச்சுத் தசைகள். பாடுவதற்கும் கவிதை படிப்பதற்கும் நாம் நம்பியிருக்கும் அதே தசைகள்.

இந்தக் காவலுக்கு ஒரு குறை உண்டு. ஐயம் வந்தாலே கூச்சலிடும். புகை கண்டவுடன் ஒலிக்கும் மணி நூறு முறை வெறும் தோசைப்புகைக்கு ஒலித்தாலும் பரவாயில்லை. ஒரு முறை மெய்யான தீக்கு ஒலிக்காமல் போகக்கூடாது என்று இதன் நியாயத்தை விளக்குவார் ராண்டால்ஃப் நெஸ்ஸி என்னும் மருத்துவர். ஒரு வேளைச் சோற்றை வீணே இழப்பது சிறிய இழப்பு. உயிரை இழப்பது பெரிது. பேருந்தில் மலையேறும்போது வரும் குமட்டலையும் இப்படிப் பொருள்கொண்டவர் மைக்கேல் டிரைஸ்மன். கண் 'அமர்ந்திருக்கிறேன்' என்கிறது. காதின் உட்பகுதி 'சுழல்கிறேன்' என்கிறது. இயற்கையில் இவ்விரு சாட்சிகளும் முரண்படுவது எப்போது? நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டபோது. ஆகவே மூளை வயிற்றைக் காலிசெய்ய ஆணையிடுகிறது என்று அவர் 1977-இல் எழுதினார். கருதுகோள்தான், எனினும் அழகிய கருதுகோள். குமட்டலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய நவ்ஸ் என்பதிலிருந்து பிறந்தது. வடமொழியில் கப்பலைக் குறிக்கும் நௌ என்பதும் அதே வேர். நாவாய் என்னும் நம் சொல் உங்கள் காதுகளில் இப்போது ஒலிக்கக்கூடும்.

இனி நினைவின் கால்வாய்க்கு வருவோம். 1955-இல் ஜான் கார்சியாவும் உடனிருந்தோரும் எலிகளுக்கு இனிப்பு நீரைக் கொடுத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். உடல் நலிந்த எலிகள் பின்னர் இனிப்பைத் தொட மறுத்தன. 1966-இல் கார்சியா மேலும் ஒன்றைக் காட்டினார். நீர் குடிக்கும்போதே ஒளியும் ஒலியும் சுவையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. மின்னதிர்ச்சி பெற்ற எலிகள் ஒளியையும் ஒலியையும் அஞ்சின. வயிறு நலிந்தவை சுவையை மட்டுமே வெறுத்தன. வலியின் குற்றவாளியை வெளியே தேடவேண்டும், குமட்டலின் குற்றவாளியை உண்டதில் தேடவேண்டும் என்பது எலிக்குப் பிறப்பிலேயே தெரிந்திருக்கிறது. உண்டதற்கும் நோவுக்கும் இடையே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் இந்நினைவு பதியும்; ஒருமுறையே போதும். கற்றல் என்பது பலமுறை திரும்பச் செய்வதால் வருவது என்று நம்பியிருந்த உளவியல் உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. சிறந்த இதழ்கள் அவருடைய கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. கவிதை திருப்பியனுப்பப்பட்டவர்கள் இங்கே பலர் இருப்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

எருக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். மடலேறத் துணிந்த தலைவன் சூடும் பூ அது. அதன் பாலில் டிஜிட்டாலிஸ் வகையைச் சேர்ந்த நஞ்சு உண்டு. எருக்கிலையைத் தின்று வளரும் புழுவிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கருவிளிம்பிட்ட வண்ணத்துப்பூச்சி வெளிவருகிறது. நம் ஊர் வெளிகளில் அதைக் காணாதவர் இரார். அமெரிக்காவில் அதன் உறவினமான மொனார்க் வண்ணத்துப்பூச்சியும் எருக்கின் குடும்பத்துச் செடிகளிலேயே வளர்கிறது. அதனை அறியாத நீலப் பறவையொன்றுக்கு லிங்கன் பிரௌவர் அதை உண்ணக் கொடுத்தார். பறவை விரும்பி விழுங்கியது. பின் இறகு சிலிர்க்க வாந்தி எடுத்தது. அப்படம் 1969-இல் வெளிவந்து புகழ்பெற்றது. அடுத்தமுறை அந்நிறத்தைக் கண்டவுடனே பறவை ஒதுங்கிக்கொண்டது. எலி சுவையைப் பிடித்துக்கொண்டது. கண்ணால் இரை தேடும் பறவை நிறத்தைப் பிடித்துக்கொண்டது. இதில் பயன்பெறுபவர்களும் உண்டு: நஞ்சே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் நம் நாட்டில் எருக்குப் பூச்சியின் உடையை அப்படியே உடுத்திக்கொண்டு அச்சமின்றித் திரிகிறது. உவமையைத் தேடி அலையும் கவிஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது விலங்குகளின் கதை. மனிதருக்கு வரும்போது கதை துயரமாகிறது. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து, தக்க தடுப்பு மருந்து கொடாவிடில், பெறுபவர் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தியை உண்டாக்கும். உயிர்காக்கும் மருந்தையே வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் உண்டு. குடலில் கொட்டப்படும் செரோடோனின் வேகஸ் நரம்பைத் தொடாமல் தடுக்கும் ஆண்டன்செட்ரான் 1991-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிறகு வேறு சில மருந்துகளும் வந்தன. வாந்தி பெரிதும் கட்டுப்பட்டது. குமட்டல் அந்த அளவுக்குக் கட்டுப்படவில்லை. வாந்தியை எண்ணலாம்; செவிலியர் குறிப்பேட்டில் இத்தனை முறை என்று எழுதலாம். குமட்டலுக்கு எண் இல்லை. நோயாளி சொன்னால்தான் உண்டு. சொல்லத் தெரியாதவர் 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்று முணுமுணுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

மருந்து ஏறுவதற்கு முன்பே, மருத்துவமனை வாயிலைக் கண்டவுடனே சிலருக்குக் குமட்டத் தொடங்குகிறது. கார்சியாவின் எலிக்கு நேர்ந்ததுதான் இது. இல்லாததைக் கற்பனை செய்கிறார் என்று உறவினர் கடிந்துகொள்வார்கள். 1978-இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்பவர், புற்றுநோய் மருந்து பெறும் குழந்தைகளுக்குச் சிகிச்சைக்கு முன் புதுச்சுவையுள்ள ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். தங்களுக்கு நோவு தந்தது மருந்துதான் என்று அறியும் வயதுள்ள குழந்தைகளும் பின்னர் அந்த ஐஸ்கிரீமை ஒதுக்கினார்கள். அறிவு ஒன்றைச் சொல்ல, முகுளம் வேறொன்றை நம்புகிறது. சிகிச்சை நாளில் நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவை அன்போடு சமைத்துக்கொண்டு போகாதீர்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. அந்த உணவை அவர் பிறகு வாழ்நாள் முழுதும் வெறுக்க நேரலாம்.

நட்புடையவர் நஞ்சையே தந்தாலும் மறுக்காமல் ஏற்பதை உயர்ந்த பண்பாகக் கூறும் கருத்து குறளிலும் நற்றிணையிலும் உண்டு. மனத்தால் இயலும் செயல்தான் அது. கண்ணோட்டத்துக்கு அப்பேராற்றல் உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கண்ணோட்டம் அறியாத ஒன்று நான்காம் மூளையறையின் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கொடுத்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

மனத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா எனில், உண்டு. மூளையின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்னும் பகுதியை, விழித்திருக்கும் நோயாளிகளிடம் மின்னால் தூண்டியபோது வயிற்றில் குமட்டல் எழுந்ததாகப் பென்ஃபீல்டும் ஃபாக்கும் 1955-இல் எழுதினார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கெட்ட நாற்றத்தை முகர்ந்தவர்களிடத்தும், பிறர் அருவருத்து முகம் சுளிப்பதைக் கண்டவர்களிடத்தும் இன்சுலாவின் ஒரே பகுதி விழித்ததாகக் கண்டார்கள். பந்தியில் ஒருவர் ஓங்கரித்தால் அடுத்தவருக்கும் வயிறு புரளுவது வெறும் மனப்பலவீனம் அன்று. ஒரே சட்டியில் உண்டவர்களின் கூட்டத்தில் அதுவே ஓர் எச்சரிக்கை.

இறுதியாக மசக்கைக்கு வருகிறேன். நெடுங்காலமாக இவ்விஷயத்தில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியே இவ்வுரையை எழுதத் தூண்டியது. கருவுற்ற மகளிர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்குக் குமட்டல் உண்டு. சிலருக்கு அது தண்ணீரும் தங்காத கடும் நோயாகிவிடுகிறது. ஆங்கில நாவலாசிரியை ஷார்லட் பிராண்டி 1855 மார்ச் 31 அன்று கருவுற்ற நிலையில் இறந்தார். சான்றிதழில் காசநோய் என்று எழுதினார்கள். ஓயாத குமட்டலும் வாந்தியுமே அவரைக் கொண்டுபோயின என்று பின்வந்த மருத்துவர் பலர் கருதுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ, தாயாவதை உள்மனம் மறுப்பதால் வரும் வாந்தி இது என்று மருத்துவர்களே சொன்னார்கள். குமட்டலுக்கென்றும் உறக்கத்துக்கென்றும் 1957 முதல் மேற்கு ஜெர்மனியில் விற்கப்பட்ட தாலிடமைடு, 1961-இல் திரும்பப் பெறப்படுவதற்குள் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கைகால்களைச் சிதைத்திருந்தது. அதன்பின் மசக்கைக்கு மருந்து தேடவே அஞ்சினார்கள்.

புறநானூற்றின் இருபதாம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணைப் பகைவர் கொள்ள இயலாது, மசக்கை கொண்ட மகளிர் விரும்பி உண்பதுதான் உண்டு என்று பாடுகிறார். மன்னனின் வலிமையைப் பாட வந்த புலவருக்கு மண்ணுண்ணும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள் என்பது எனக்குப் பெருவியப்பு. இதற்கொரு துணைச்செய்தி ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. வாந்தி எடுக்க இயலாத எலிக்கு நஞ்சு கொடுத்தால் அது களிமண்ணைத் தேடி உண்ணும். களிமண் நஞ்சைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் இயல்புடையது. எலியின் குமட்டலை அளக்க வேறு வழியில்லாத அறிஞர்கள், அது எத்தனை கிராம் களிமண் உண்டது என்பதை 1970-கள் முதல் அளவுகோலாகக் கொண்டிருக்கிறார்கள். மகளிர் மண்ணுண்பதற்கு இதுவே முழுக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. இரும்புச்சத்துக் குறைவும் அதனோடு தொடர்புடையது. ஆனால் அதைப் பேதைமை என்று சிரித்தவர்கள் எலியிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

மசக்கையின் வேர் 2023 திசம்பரில் வெளிவந்த ஆய்வொன்றில் பெரிதும் தெளிவாயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓராகிலியும், அமெரிக்காவில் மார்லினா ஃபெஜ்சோவும் பிற நாட்டினரும் சேர்ந்து செய்த ஆய்வு. ஃபெஜ்சோ அம்மையார் தாமே இக்கடுநோயால் 1999-இல் கருவை இழந்தவர். அவருடைய துன்பத்தையும் அன்றைய மருத்துவர் பொருட்படுத்தவில்லை. ஜி.டி.எஃப்.15 என்னும் புரதத்தைக் கருவும் நச்சுக்கொடியும் தாயின் குருதியில் பெருமளவில் கலக்கின்றன. அப்புரதத்தை ஏற்கும் வாங்கி உடலில் ஓரிடத்தில்தான் உண்டு: ஏரியா போஸ்ட்ரீமாவிலும் அதை ஒட்டிய பகுதியிலும். போரிசனும் வாங்கும் காட்டிய அதே சாளரம். கருவுறுவதற்கு முன் இப்புரதம் குருதியில் குறைவாக இருந்த பெண்களுக்குத் திடீர் வெள்ளம் போல் அது வரும்போது குமட்டல் கடுமையாகிறது. முன்பே மிகுதியாக இருந்தவர்களுக்கோ பழகிப்போயிருக்கிறது. பீட்டா தலசீமியா என்னும் குருதிநோயால் எப்போதும் இப்புரதம் மிகுந்திருக்கும் பெண்களிடம் கேட்டார்கள். மசக்கையின் குமட்டலை அவர்களில் மிகச் சிலரே அறிந்திருந்தனர். அப்படியானால் கருவுறுமுன்பே அப்புரதத்துக்கு உடலைச் சிறிது சிறிதாகப் பழக்க இயலுமா என்பது அடுத்த கேள்வி. சுண்டெலிகளில் அது பயன் தந்திருக்கிறது.